தொழிலாளர்கள் உடற்பயிற்சி வகுப்புக்கு வருவதில்லை: நிறுவனம் என்னதான் செய்ய வேண்டும்?

கேள்வி: பின்னலாடை நிறுவன மேலாளர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் எங்கள் குடும்பம் நடத்திவரும் பின்னலாடை நிறுவனத்தில் பணியாளர் நலப் பொறுப்பை மூன்று ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து 140 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். பெரும்பாலானவர்கள் அவிநாசி, பெருமாநல்லூர், குன்னத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வருபவர்கள். மற்றவர்கள் வெளிமாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து எங்கள் விடுதியில் தங்கியிருப்பவர்கள்.

சென்ற ஆண்டு, இருபது ஆண்டுகளாக எங்களுடன் இருந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர் 46 வயதில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். தமக்கு இரத்தக் கொதிப்பு இருந்ததே அவருக்குத் தெரியாது. அதன் பிறகு நடத்திய மருத்துவ முகாமில், நாற்பது வயதைக் கடந்த பலருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருப்பது தெரியவந்தது. டெய்லர்கள் கழுத்து வலியையும் இடுப்பு வலியையும் சொன்னார்கள். செக்கிங் பெண்கள் மாலையானால் கால் வீங்கிவிடுவதாகச் சொன்னார்கள்.

இதைக் கண்ட பிறகு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. யோகா ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, ஷிப்ட் தொடங்கும் 8.30 மணிக்கு முன்னதாக, காலை 8 மணி முதல் 8.25 வரை வகுப்பு நடத்த ஏற்பாடு செய்தேன். வேனையும் அரை மணி நேரம் முன்னதாக அனுப்பினோம். முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள். மாதக் கடைசியில் ஆறு பேர்தான் வந்தார்கள். தவறாமல் வருபவர்களுக்குப் பரிசு அறிவித்தும் பயனில்லை. அந்தப் பணத்தை தீபாவளி போனஸில் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் மாமனார். படுக்கையில் கிடக்கும் அந்த டெய்லரை நினைக்கும்போது இந்த முயற்சியைக் கைவிட எனக்கு மனமில்லை. எங்கே தவறு செய்கிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில்: இயன்முறை மருத்துவர், கோயம்புத்தூர்

வணக்கம், சகோதரி. என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்களில் பாதிப் பேர் உங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் என்பதால், நீங்கள் சொல்லும் கழுத்து வலியும் கால் வீக்கமும் எனக்கு மிகவும் பழக்கமானவை. வகுப்புக்கு ஏன் வரவில்லை என்பதை அந்தத் தொழிலாளர்கள்தாம் சொல்ல வேண்டும். உடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் நான் எழுதுகிறேன்.

வேலையிடத்தையும் உடலுழைப்பையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகளில் மிகவும் புகழ்பெற்றது லண்டன் பேருந்துகளில் நடந்த ஆய்வு. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953இல் அதை வெளியிட்டார்கள். இரட்டை மாடிப் பேருந்தில் நாள் முழுவதும் உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, அதே பேருந்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. உட்கார்ந்தே இருப்பது இதயத்துக்குக் கேடு என்ற எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றியது இதிலிருந்துதான். உங்கள் டெய்லர்களை அந்த ஓட்டுநர்களோடு ஒப்பிடலாம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, செக்கிங் பெண்களும் பண்டல் தூக்குபவர்களும் நாள் முழுவதும் நின்றும் நடந்தும் வேலை செய்கிறார்களே, அவர்களுக்கு உடற்பயிற்சி தானாகவே கிடைத்துவிடுகிறதே என்று நினைத்துவிடாதீர்கள். கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு இதய நோயும் இறப்பும் குறைந்திருந்தன. வேலையிலேயே கடுமையாக உடலுழைப்பவர்களுக்கோ அவை கூடியிருந்தன. இதற்கான காரணத்தை யோசித்துப் பாருங்கள். விருப்பத்துடன் அரை மணி நேரம் வேகமாக நடப்பவர் களைத்ததும் உட்காரலாம், வேண்டியபோது தண்ணீர் குடிக்கலாம், அன்றிரவு நன்றாக உறங்கலாம். எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஒரே இடத்தில் நிற்பவருக்கும் சுமை தூக்குபவருக்கும் இவற்றில் எதுவும் தம் விருப்பப்படி கிடைப்பதில்லை. உடல் தேறிக்கொள்வதற்கான இடைவெளி இல்லாத உழைப்பு உடலைத் தேய்க்கிறது.

ஆகவே எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்பது மருத்துவ நோக்கிலும் பொருந்தாது. டெய்லருக்குத் தேவை எழுந்து நடப்பது, குனிந்த கழுத்தை நிமிர்த்துவது, தோளைப் பின்னால் சுழற்றுவது. செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் நிற்பவர்களுக்குத் தேவை உட்காருவது, காலைச் சற்று உயர்த்தி வைப்பது, கெண்டைக்கால் தசையை இயக்க நுனிக்காலில் நின்று இறங்குவது. பண்டல் தூக்குபவருக்கு முழங்காலை மடக்கித் தூக்கும் முறையைச் சொல்லித் தருவதோடு, பண்டலின் எடையையும் குறைக்க வேண்டும். தள்ளுவண்டியும் வாங்கித் தர வேண்டும்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடங்களாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையை அந்த ஆண்டில் நீக்கிவிட்டார்கள் என்பது உங்களுக்கு மிகவும் உதவும். மூன்று நிமிடமும் ஐந்து நிமிடமும்கூடக் கணக்கில் சேரும்.

சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் முகாமில் தெரியவந்தவர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்பது சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வீடு தேடி மருந்து கொடுக்கத் தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய திட்டம். 2024இல் அது பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகிக் கேளுங்கள். இஎஸ்ஐ அட்டை இருந்தும் மருந்து வாங்கப் போகாதவர்கள் பலர் உண்டு. போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பதே அவர்களுடைய தயக்கம். மாதத்தில் ஒரு முறை மருந்து வாங்குவதற்குச் சம்பளம் பிடிக்காமல் இரண்டு மணி நேர அனுமதி கொடுங்கள். யோகா வகுப்பைவிட இதுவே அந்த டெய்லரைக் காப்பாற்றியிருக்கக் கூடும்.


பதில்: தையல் தொழிலாளி, 22 ஆண்டு அனுபவம்

வணக்கம் மேடம். நான் பவர் டேபிளில், அதாவது மின்சாரத் தையல் மிஷினில், வேலை செய்கிறேன். உங்கள் கம்பெனியில் அல்ல; ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது எங்கள் லைனைப் பற்றியே கேட்டது போல இருந்தது.

எட்டு மணி வகுப்புக்கு வர வேண்டுமென்றால் ஏழே கால் மணிக்கே வேன் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். நான் எழுந்திருப்பது நாலே முக்கால் மணிக்கு. தண்ணீர் பிடித்து, காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் சேர்த்துச் சமைத்து, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்தி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அரை மணி நேரம் முன்னதாக வேன் வந்தால் அந்த அரை மணி நேரத்தை என் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆர்டர் அவசரமென்று ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் வீடு திரும்பும்போது இரவு ஒன்பது மணி தாண்டிவிடுகிறது. வகுப்பு நல்லதுதான். ஆனால் அது எங்கள் நேரத்தில் நடக்கிறது, கம்பெனி நேரத்தில் அல்ல. ஆறு பேர் மட்டும் வந்ததற்குக் காரணம் சோம்பல் என்று தயவுசெய்து யாரும் எண்ண வேண்டாம்.

அடுத்து நான் சொல்வது சங்கடமான விஷயம். இருந்தாலும் சொல்ல வேண்டும். எங்களில் பெரும்பாலான பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் லைன் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் கழிப்பறைக்கு டோக்கன் வைத்திருந்தார்கள். முப்பது பேருக்கு இரண்டு டோக்கன். அங்கிருந்த காலத்தில் எனக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடு படுத்தேன். மாதவிடாய் நாட்களில் படும் பாட்டை நீங்களும் ஒரு பெண் என்பதால் நான் விளக்கத் தேவையில்லை. உட்கார்ந்தே இருப்பது கெடுதல் என்று மருத்துவர் ஐயா எழுதியிருக்கிறார். தண்ணீர் குடிக்க ஒரு தடவை, கழிப்பறைக்கு ஒரு தடவை என்று நாங்கள் பயமில்லாமல் எழுந்து நடக்க விட்டாலே பாதி உடற்பயிற்சி நடந்துவிடும்.

பயமில்லாமல் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், தைப்பவருக்கு எழுந்து போகும் ஒவ்வொரு ஐந்து நிமிடமும் கூலியில் குறையும். ஷிப்ட் சம்பளத்தில் இருப்பவருக்கு டார்கெட் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் தைத்துக்கொண்டே இருக்கும்போது நான் மட்டும் எழுந்து தோளைச் சுழற்றினால், என் முன்னால் பண்டல் குவிந்துவிடும். எனக்கு அடுத்த ஆள் வேலை இல்லாமல் காத்திருப்பார். அதனால் ‘யார் வேண்டுமானாலும் எழுந்து பயிற்சி செய்யலாம்’ என்று சுவரில் எழுதி ஒட்டினால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு கம்பெனியில் நல்ல வழி கண்டிருந்தார்கள். காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் தேநீர் இடைவேளை முடிந்ததும், தையல் பிரிவின் மெயின் சுவிட்சை மேலும் ஐந்து நிமிடம் அணைத்தே வைத்திருப்பார்கள். மிஷின் ஓடாது என்பதால் யாரும் யாரையும் முந்த முடியாது. அந்த நேரத்துக்கு ஏற்ப டார்கெட்டையும் குறைத்திருந்தார்கள். பீஸ் ரேட்காரர்களுக்கு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். முதலில் எல்லோரும் பேசிக்கொண்டு நின்றோம். பிறகு சின்னப் பெண் ஒருத்தி எங்களைக் கையைத் தூக்கச் சொன்னாள், காலை நீட்டச் சொன்னாள், செய்தோம். அந்தக் கம்பெனியில் இருந்த மூன்று ஆண்டுகளில் என் இடுப்பு வலி மிகவும் குறைந்திருந்தது. வீடு மாறியதால் அங்கிருந்து விலகினேன். இன்றும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

உட்காரும் ஸ்டூலையும் கவனியுங்கள், மேடம். சாய்மானம் இல்லாத பலகை ஸ்டூலில் துணியை மடித்துப் போட்டு உட்கார்கிறோம். உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே ஸ்டூல்தான்.


பதில்: தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றியவர், ஒரகடம்

மேலே அந்த அம்மா எழுதியிருப்பதை நான் வேறொரு தொழிலில் நேரில் கண்டிருக்கிறேன். ஒரகடம் பகுதியில் ஜப்பானிய உதிரிபாக நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை செய்தேன். ஜப்பானில் 1928இல் வானொலியில் தொடங்கிய ‘ரேடியோ தைசோ’ என்ற உடற்பயிற்சி, அங்குள்ள பள்ளிகளிலும் ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் இன்றும் நடக்கிறது. இசைக்கேற்பக் கைகளை வீசுவது, இடுப்பை வளைப்பது, குதிப்பது என மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். எங்கள் ஆலையிலும் தினமும் அதைச் செய்தோம்.

அது அங்கே நிலைத்ததற்கு நான் கண்ட காரணங்கள் இரண்டு. கார்டு பஞ்ச் செய்த பிறகுதான் பயிற்சி தொடங்கும், அதாவது சம்பளம் ஓடத் தொடங்கிய பிறகு. அடுத்தது, ஆலை மேலாளரும் துப்புரவுப் பணியாளரும் ஒரே வரிசையில் நின்று அதைச் செய்வார்கள். அதிகாரிகள் கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு தொழிலாளர்களை மட்டும் வரிசையில் நிறுத்தியிருந்தால், அது பள்ளிக்கூடத் தண்டனை போலத்தான் தோன்றியிருக்கும். உங்கள் மாமனாரையும் அந்த வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், அம்மா.


பதில்: ஜவுளிக்கடை விற்பனையாளர், மதுரை

உட்காருவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் பதினேழு ஆண்டுகளாக ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுபவன். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு பத்து மணிக்குத்தான் வீட்டில் போய் உட்காருவேன். இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு, ஒன்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் கேரளத்தில் கடைகள் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கான திருத்த மசோதா சட்டமன்றத்துக்கு வந்து, ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று நாங்கள் கடை வாசலில் நின்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 44ஆம் பிரிவு சொல்லியிருந்தது.

ஆனால் அப்போது நான் இருந்த கடையில் ஸ்டூல் வந்த பிறகும் எங்களால் உட்கார முடியவில்லை. வாடிக்கையாளர் நுழையும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று ஃப்ளோர் மேனேஜர் முறைப்பார். சில மாதங்களில் அந்த ஸ்டூல்கள் குடோனுக்குப் போய்விட்டன. நீங்கள் இருக்கை வாங்கிப் போடுவதோடு, அதில் உட்கார்ந்தவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்பதைச் சூப்பர்வைசர்களிடம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். முதல் வாரத்தில் நீங்களே போய் ‘உட்காருங்கம்மா’ என்று சொல்ல வேண்டியிருக்கும். பல ஆண்டுகளாக நின்று பழகியவர்களுக்கு உட்காரவே பயமாக இருக்கும்.


மறுமொழி: கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தையல் வேலை செய்யும் அக்காவின் பதிலை மூன்று முறை படித்தேன். எங்கள் நிறுவனத்தில் டோக்கன் முறை கிடையாது என்று முதலில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு நேற்று மதியம் செக்கிங் பிரிவில் ஆறேழு பெண்களோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்து, இன்று காலையிலிருந்து எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டேன். நான்கு பேர் ஒன்றுகூடக் குடிக்கவில்லை. பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவின் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு மாதங்களாகின்றன என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மூன்று ஆண்டுகளில் அவர்களோடு உட்கார்ந்து நான் இப்படிக் கேட்டதே இல்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது. தாழ்ப்பாளை நேற்று மாலையே மாற்றிவிட்டோம்.

எட்டு மணி வகுப்பை நிறுத்திவிட்டு, வேனைப் பழைய நேரத்துக்கே மாற்றுகிறோம். பதினொரு மணித் தேநீருக்குப் பிறகு மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்து வைக்கும் யோசனையை என் மாமனாரிடம் சொன்னேன். 140 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் பதினோரு மணி நேரத்துக்கு மேல் என்று உடனே கணக்குப் போட்டுச் சொன்னார். வலிக்காகவும் காய்ச்சலுக்காகவும் சென்ற மாதம் எடுக்கப்பட்ட விடுப்புகளை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஒரு மாதம் செய்து பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஏற்றுமதி தேதி நெருங்கும் நாட்களிலும் நிறுத்தக் கூடாது என்ற என் நிபந்தனையையும் ஏற்றார். வரிசையில் நிற்பதாக இன்னும் சொல்லவில்லை. பீஸ் ரேட்காரர்களுக்கு எவ்வளவு சேர்த்துக் கொடுப்பது என்பதைக் கான்ட்ராக்டரோடு பேசி முடிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வரும் என்று நினைக்கிறேன்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். செக்கிங் மேசைகளுக்கு உயரமான ஸ்டூல்கள் செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறேன். எந்த உயரத்தில் செய்யச் சொல்வது என்று மருத்துவர் ஐயா சொல்ல முடியுமா?


பதில்: இயன்முறை மருத்துவர், கோயம்புத்தூர்

ஓர் உயரத்தை முடிவு செய்து மொத்தமாகச் செய்யச் சொல்லிவிடாதீர்கள், சகோதரி. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ஸ்டூல் கிடைத்தால் அதுவே நல்லது. விலை கட்டுப்படியாகாவிட்டால் இரண்டு மூன்று உயரங்களில் செய்து, அவரவருக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் தோளை உயர்த்தாமல் கையை மடக்கினால் முழங்கை மேசையின் மட்டத்துக்கு வர வேண்டும். உயரமான ஸ்டூலில் கால் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி அழுந்தி வீக்கம் கூடும் என்பதால், பாதத்தை ஊன்ற ஒரு குறுக்குக் கட்டையோ தனிப் பலகையோ கட்டாயம் தேவை. மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். துணிப் பெட்டிகளை அங்கேதான் அடுக்கி வைத்திருப்பார்கள்.

முதலில் மூன்று ஸ்டூல்கள் மட்டும் செய்து, செக்கிங் பெண்களிடமே ஒரு வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் செய்யச் சொல்லுங்கள். அயர்னிங் செய்பவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்களால் அதிகம் உட்கார முடியாது. சிமெண்ட் தரையில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டு, பக்கத்தில் குடிதண்ணீரும் மின்விசிறியும் வைத்துக் கொடுங்கள்.